ஒரே மாதிரி இரண்டு கேபிள்கள்

பழைய சிற்றிதழ்களை ஒளிவருடிப் பாதுகாப்பதென்று நாங்கள் மூவரும் முடிவு செய்தபோது எங்கள் கவலைகள் வேறாக இருந்தன. தொட்டால் உதிரும் தாள், கரையான், இதழ்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க மனம் வராத உரிமையாளர்கள். மின்சாரத்தைப் பற்றி யோசிக்க நேரும் என்று எங்களுள் எவரும் நினைக்கவில்லை.

வருடிய பக்கம் வெறும் படம்தான். எழுத்தாக்கினால்தான் அதில் எதையும் தேட முடியும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் வரும் ‘னை’, ‘லை’, ‘றா’ ஆகியவற்றின் பழைய வடிவங்களில் எங்களிடமிருந்த மென்பொருள்கள் இடறி விழுந்தன. எங்கள் பக்கங்களைக் கொண்டே கணினியைப் பழக்கலாம் என்று தீர்மானித்து, 2023இல் ஒருவர் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டை விலைக்கு வாங்கினோம். என்விடியா 2020இல் வெளியிட்டது. 24 ஜிபி நினைவகம், 350 வாட் பசி.

கார்டு வந்த வாரத்திலேயே கணினி அணையத் தொடங்கியது. பிழைச் செய்தி எதுவுமில்லை. அகல் விளக்கை ஊதி அணைத்ததுபோல ஒரு கணத்தில் இருள். சில நாள் பத்தாவது நிமிடத்தில், சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கு. இரண்டு வாரம் மென்பொருளைச் சந்தேகித்தோம். பிறகுதான் பெட்டியின் அடியில் இருந்த 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். மீது பார்வை திரும்பியது. கூட்டிப் பார்த்தால் கணக்கு இடித்தது என்று சொல்ல முடியாது: கார்டுக்கு 350, செயலிக்கு 150, மற்றவைக்கு ஓர் ஐம்பது. ஆனால் அந்த 350 சராசரிதான். நொடியில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு அந்தக் கார்டு அதைவிட மிக அதிகமாக இழுத்துவிடும். அந்தத் துள்ளலை ஆபத்து என்று கருதிப் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. அது தன் கடமையைத்தான் செய்தது. என்விடியாவே இந்தக் கார்டுக்கு 750 வாட் பரிந்துரைத்திருந்ததை நாங்கள்தான் படிக்கவில்லை.

இம்முறை படித்தோம். மதிப்புரை எழுதுகிறவர்களுக்கே உரிய வெறியோடு படித்தோம் என்றுகூடச் சொல்லலாம். 2000களில் ஜானிகுரு என்றொரு தளம் இருந்தது. எஸ்.எம்.பி.எஸ்.களைச் சூடான பெட்டிக்குள் வைத்து முழுச் சுமை ஏற்றிச் சோதிப்பார்கள், பிறகு பிரித்துப் போட்டு ஒவ்வொரு மின்தேக்கியையும் பெயர் சொல்லி விமர்சிப்பார்கள். தமிழில் நாவல்களுக்குக்கூட அத்தனை கறாரான விமர்சனம் அபூர்வம். அங்கிருந்தும் பின்வந்த சோதனையாளர்களிடமிருந்தும் நாங்கள் கற்ற முதல் பாடம், பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பக் கூடாது என்பது. பதிப்பகத்தின் பெயர் அட்டையில் இருக்கும், அச்சகம் வேறெங்கோ இருக்கும் அல்லவா? அதுபோலத்தான். ஒரே நிறுவனம் ஒரு வரிசையை ஒருவரிடமும் அடுத்த வரிசையை இன்னொருவரிடமும் செய்து வாங்கி விற்கும். எனவே நிறுவனத்தை விட்டுவிட்டுக் குறிப்பிட்ட மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

‘80 பிளஸ் கோல்டு’ முத்திரையும் எங்களை ஏமாற்றியிருக்கும். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. 12 வோல்ட் வரியில் நெளிவு எவ்வளவு (ஏடிஎக்ஸ் விதிப்படி 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது), பாதுகாப்புச் சுற்றுகள் வேலை செய்கின்றனவா என்பதெல்லாம் அதன் கவலை அல்ல. அந்தச் சோதனை நடப்பதும் 23 பாகை அறையில். சென்னையில் மே மாதம் எங்கள் அறை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெப்பம் பத்துப் பாகை கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே 105 பாகை தாங்கும் மின்தேக்கிகள் உள்ளதாகத் தேடினோம். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியும் எங்கள் நோய்க்கென்றே எழுதப்பட்டதுபோல் இருந்தது: அறிவித்த திறனைப்போல் இருமடங்குத் துள்ளலை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும்.

ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் 850 என்றிருந்தது. “ரெண்டையும் தூக்கிப் பாருங்க சார்” என்றார். ஒன்று தேங்காய்போல் கனத்தது, மற்றது கொப்பரை. லேசானதன் பக்கவாட்டு ஒட்டியைப் படித்தோம். 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் மட்டுமே. அதாவது 540 வாட். கார்டும் செயலியும் உண்பது அந்த வரியிலிருந்துதான். மீதி எண்ணிக்கையெல்லாம் யாரும் தொடாத வரிகளில் சேர்த்த பொய். கனமானதில் 70 ஆம்பியர். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து அதை வாங்கிவந்தோம்.

கார்டின் ஒவ்வொரு எட்டு முனை இணைப்பானுக்கும் கணக்கு 150 வாட். ஒரே கேபிளில் கிளை பிரித்து மாட்டாமல் தனித்தனிக் கேபிள்களை மாட்டினோம். அதுவரை எல்லாம் சரி.

ஹார்டு டிஸ்குகளுக்குப் போகும் பழைய கேபிள், தட்டின் பின்னால் அழகாக வளைத்துக் கட்டப்பட்டிருந்தது. அதை அவிழ்ப்பானேன் என்று எங்களில் ஒருவர் (யார் என்று எழுதுவதில்லை என மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்) அதன் மறுமுனையைப் புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகினார். சிக்கலின்றிப் பொருந்தியது. டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்பது அந்தந்தத் தயாரிப்பாளரின் விருப்பம். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிற்று. பொத்தானை அழுத்தியதும் மெல்லிய கருகல் வாசனை. இரண்டு டிஸ்குகளும் ஒரே கேபிளில்.

ஒன்றுக்கு மற்றொன்று நகல் என்றுதான் வைத்திருந்தோம். பழையதில் மிகையழுத்தத்தை வாங்கிக்கொண்டு சாகும் சிறு டையோடு ஒன்று தன் வேலையைச் செய்திருந்தது. அதை அகற்றியதும் டிஸ்க் உயிர்பெற்றது. புதியது பிழைக்கவில்லை. கடைசி நான்கு மாதம் வருடியவை அதில் மட்டுமே இருந்தன. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இளமையில் நண்பர்களோடு நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் பதினோரு இதழ்களும் அதில்தான். இதழுக்கு ஒரே ஒரு பிரதி. வருடி முடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தோம்.

அதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனோம். மீண்டும் இதழ்களைத் தரும்படி கேட்பதாக எண்ணம். வீடு மாற்றியபோது பழைய தாள்களோடு போட்டுவிட்டதாகச் சொன்னார். “நீங்கதான் எடுத்து வெச்சிருக்கீங்களே.”

என்ன நடந்தது என்று விளக்கினோம். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “அந்தக் கேபிள் ரெண்டும் பார்க்க ஒரே மாதிரியா இருக்கும்?” என்றார்.

“ஆமாம் ஐயா.”

பையில் கொண்டுபோயிருந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சன்னலோரம் போய், முனைகளை அருகருகே பிடித்து, விடைத்தாள் பார்ப்பவர்போல நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.