ஹவுள் சுவரில் ஒரு நுரைக்கூடு



தவளையை மருந்தில் சேர்க்கலாமா என்று ஒரு மருத்துவர் கேட்டபோது, அதைக் கொல்ல வேண்டாமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அபூதாவூத், நஸயீ ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. மத்ரஸாவில் இதைப் பாடமாக நடத்துவது எளிது. பிள்ளைகள் ஒரே நாளில் மனனம் செய்துவிடுவார்கள். ஆனால், ஒரு சிற்றுயிர் நம் வசதிக்குக் குறுக்கே வரும்போதுதான் அந்தப் பாடம் உள்ளத்தில் இறங்கியதா என்பது தெரியும். கள்ளக்குறிச்சியில் எங்கள் மக்தப் பிள்ளைகளுக்குச் சென்ற ஐப்பசியில் அப்படியொரு வாய்ப்பு அமைந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே பிள்ளைகள் 'ஆக்ஸலாட்டில்' என்னும் உயிரினத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். மைன்கிராஃப்ட் என்ற கைப்பேசி விளையாட்டில் அதைப் பார்த்திருக்கிறார்கள். தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்த செவுள்கள், சிரிப்பதுபோன்ற வாய். "ஹஜ்ரத், அதன் முட்டையை வாங்கிப் பொரிக்க வைக்கலாமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுடைய தந்தையும் என்னிடம் ஆலோசனை கேட்டார். எனவே அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ கால்வாய்களே அதன் தாயகம். 1998இல் அங்கே சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6000 இருந்தன. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 36 ஆகக் குறைந்துவிட்டன. அதன் முட்டைகள் இரண்டு, மூன்று வாரங்களில் பொரிகின்றன. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குஞ்சுகள் முதல் இரண்டு, மூன்று நாட்கள் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவிலேயே வாழும். அதன்பின் அசையும் உயிருணவை மட்டுமே உண்ணும். ஆகவே நுண்ணிய உப்புநீர் இறால்களை அன்றாடம் தனியே பொரித்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரையும் அன்றாடம் மாற்ற வேண்டும். நெருக்கமாக இருந்தால் ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீரின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போகாதிருப்பது நல்லது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் அது வாழ வேண்டுமானால், பகலிரவாகக் குளிரூட்டும் கருவி ஓட வேண்டும். அதன் ஆயுளோ பத்து ஆண்டுகளுக்கும் மேல். இவ்வளவையும் அந்தத் தந்தையிடம் சொன்னேன். அவர் வேண்டாமென்று முடிவு செய்தார். மகனுக்கோ முகம் வாடிவிட்டது.

அந்த மாதத்து மழையில்தான் எங்கள் பள்ளிவாசல் ஹவுளின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வெண்ணிற நுரைக்கட்டி ஒன்று ஒட்டியிருந்ததை அதே மாணவன் கண்டான். குளியலறைச் சுவர்களில் நாம் காணும் பழுப்புநிற மரத்தவளையின் கூடு அது. பெண் தவளை தன் உடலிலிருந்து சுரக்கும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் கடைந்து நுரையாக்கி, அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. நுரையின் வெளிப்புறம் காய்ந்துவிட்டாலும் உள்ளே ஈரம் காக்கப்படுகிறது. பொரிந்த குஞ்சுகள் நுரை இளகியதும் கீழேயுள்ள நீரில் விழுகின்றன.

மறுநாள் ஹவுளைச் சுத்தம் செய்வதாக ஏற்பாடு. நீரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் தூவிக் கழுவுவார்கள். "உளூ செய்யும் நீர் இது. ஜுமுஆவுக்கு முன் சுத்தம் செய்தாக வேண்டும்" என்றார் முதவல்லி. அவர் கூறியதில் நியாயம் இருந்தது. தவளையால் நீர் அசுத்தமாகிவிடுமா என்று பிள்ளைகள் கேட்டனர். தவளை போன்ற நீர்வாழ் உயிர்கள் நீரில் இறந்தாலும் அந்நீர் அசுத்தமாவதில்லை என்பது ஹனஃபி சட்ட நூல்களின் கருத்து என்று விளக்கினேன். ஆயினும் தொழுகையாளிகளுக்குத் தூய நீர் பெறும் உரிமை உண்டு. அந்த முட்டைகளுக்கும் ஓர் உரிமை உண்டு. இரண்டையும் பேணுவதற்கு வழி தேடினோம்.

ஹவுள் நீரையே பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் மூன்றில் நிரப்பி, வேப்பமர நிழலில் வைத்தோம். நுரைக்கூட்டை மெல்லிய பனையோலையால் சுவரிலிருந்து பெயர்த்து, ஒரு தொட்டியில் நீருக்கு மேல் சாய்த்து வைத்த கல்லில் ஒட்டினோம். சில நாட்களில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக நீரில் விழுந்தன. அவற்றை மூன்று தொட்டிகளுக்கும் பிரித்தோம்.

பொறுப்பை அந்த மாணவன் ஏற்றுக்கொண்டான். முதலிரண்டு நாட்கள் உணவு கொடுக்கவில்லை. பின்னர் வேகவைத்த கீரையை நகத்தளவு போட்டான். எஞ்சியதை மாலையில் எடுத்துவிடுவான், இல்லையேல் அது அழுகி நீரைக் கெடுக்கும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினான். குழாய் நீரில் குளோரின் இருப்பதால், அதைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்தே ஊற்றினான். கையில் சோப்பும் அத்தரும் இல்லாதபடி கழுவிய பிறகே தொட்டியைத் தொடுவான். இறந்தவற்றை அன்றன்றே அகற்றினான். பல இறந்தன. அவன் அழுத நாளில், இத்தனை முட்டைகளை இறைவன் அமைத்திருப்பதன் காரணத்தை எடுத்துச் சொன்னேன்.

ஆக்ஸலாட்டிலுக்கு முன்னங்கால்கள் முதலில் முளைக்கின்றன. வளர்ந்த பின்னும் அது செவுள்களோடு நீரிலேயே வாழ்கிறது. தவளைக் குஞ்சுக்குப் பின்னங்கால்களே முதலில் தெரியும். முன்னங்கால்களும் வெளிவந்த பிறகு அது உண்பதை நிறுத்திவிடும். வாலில் சேர்ந்துள்ள சத்தே அப்போது அதற்கு உணவு. நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குவதால், ஏறி நிற்க இடமில்லாவிடில் நீரிலேயே மூழ்கி இறந்துவிடும். எனவே கற்களைச் சரிவாக அடுக்கி, தொட்டிகளைக் கொசுவலையால் மூடினோம்.

அப்போது, புளி வாங்கக் கல்வராயன் மலைக்குச் சென்றுவரும் பெற்றோர் ஒருவர், "வெள்ளிமலைப் பக்கம் நல்ல குளிர்ச்சி. அங்கே கொண்டுபோய் விடுகிறேன்" என்றார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் நான் மறுத்துவிட்டேன். நீரோடும் தவளையோடும் நோய்க்கிருமிகளும் பயணம் செய்யும். கைட்ரிட் என்னும் பூஞ்சை நோய் அவ்வாறு பரவி, உலகில் நூற்றுக்கணக்கான தவளை இனங்களைக் குன்றச் செய்துள்ளது. கோமுகி ஆறு அந்த மலையிலிருந்துதான் நம் சமவெளிக்கு இறங்குகிறது. மலையின் நீர்நிலைகளுக்கு நம்மால் தீங்கு நேரக் கூடாது.

பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் உணர்த்துகிறது. சமுதாயம் என்றால் அதற்கென ஓர் ஊரும் ஒரு வாழ்முறையும் இருக்கும். மார்கழியில் ஓர் இரவு, இஷாவுக்குப் பின், நாற்பதுக்கும் மேற்பட்ட தவளைகளை ஹவுளை ஒட்டிய செடிகளின் ஈர இலைகளில் விட்டோம். "ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமா, ஹஜ்ரத்?" என்று அவன் கேட்பான் என எதிர்பார்த்தேன். அவன் கேட்கவில்லை. தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். அமானிதம் என்ற சொல்லுக்கு நான் இதுவரை நடத்திய பாடங்களைவிட அது தெளிவாக இருந்தது.

இப்போது ஹவுளைச் சுத்தம் செய்ய நாள் குறிக்கும் முன்பு, சுவரைப் பார்த்துவருமாறு முதவல்லி அவனையே அனுப்புகிறார்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்களின் உரிமையைப் பேணி, உரிய நேரத்தில் அவற்றை உரிய இடத்தில் சேர்ப்பிக்கும் நல்லுள்ளத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.