மாரியில் வெள்ளம் எங்கே நிற்கும்?

கனடாவிலிருக்கும் சித்திக்கு உரும்பிராயில் ஒரு வளவு. முற்றத்தையும் வேலியையும் திருத்திக் கொடுக்க நம்பிக்கையான ஆள் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. வந்த கொந்தராத்துக்காரர்களில் பலர் முதலில் கைபேசியை நீட்டிப் படம் காட்டினார்கள். பச்சைப் புல்தரை, இன்டர்லொக் கல், நீரூற்று. ஒருவர் மட்டும் படலையைத் தாண்டியதும், "அக்கா, மாரியில வெள்ளம் எங்க நிக்கிறது?" என்று கேட்டார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அலவாங்கால் நாலைந்து இடத்தில் குத்தி, செம்மண் எவ்வளவு ஆழம், கல் எங்கே தட்டுகிறது என்று பார்த்தார். விலையைக் கேட்டேன். "கணக்குப் பார்த்துச் சொல்லுறன்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் முற்றம் போட வருகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை மண்ணில் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக நிற்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அதைத்தான். ஒரு பரப்பு நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 25,000 லீற்றர் தண்ணீர் விழுகிறது. வளவு முழுக்கச் சீமெந்து பூசிவிட்டால் அவ்வளவும் ஒழுங்கைக்கு ஓடி அயல்வீட்டு வாசலில் நிற்கும். வெளிநாட்டுக் காசில் எழும்பும் புது வீடுகளில் மாமரத்தின் அடிவரை சீமெந்து இறுக்கியிருப்பதைக் காணும்போது மனம் பதறுகிறது.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்ட அந்த மனிதர் கோண்டாவிலில் செய்துகொண்டிருந்த வேலையைப் பார்க்கப் போனேன். முன்பக்கம் கல் பதித்திருந்தார்கள். கல்லுக்குக் கீழே மணல் மட்டும்தான், சீமெந்துக் கலவை இல்லை. மரங்களைச் சுற்றி அகலமாக மண் விட்டிருந்தது. கூரைத் தண்ணீர் குழாய் வழியாக, கல் நிரப்பிய ஒரு குழிக்குள் இறங்கியது. அந்தக் குழியை மலகூடக் குழியிலிருந்து நன்றாகத் தள்ளி வெட்டியிருந்தார்.

பின்பக்கம் வேலி அடைப்பு. பாடம் போட்டு எடுத்த பனையோலையைக் கதியாலோடு சேர்த்து நிறுத்தி, குறுக்கே வரிச்சு வைத்துக் கட்டினார்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். உள்ளே நின்றவர் குத்தூசியைக் கயிற்றோடு ஓலைக்குள்ளால் நுழைக்க, வெளியே நின்றவர் கயிற்றை வாங்கி வரிச்சைச் சுற்றித் திரும்ப அனுப்பினார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. "விடு", "இழு" என்ற குரல் மட்டும். கட்டை இறுக்கியதும் ஓலை நெரிபடுகிற சத்தம் கேட்டது. நிழலில் இருந்து கதியாலுக்கான பூவரசந்தடிகளின் அடியைச் சரிவாகச் சீவிக்கொண்டிருந்த அம்மா ஒன்றைக் கையில் தந்தார். "தோலைப் பாருங்கோ பிள்ளை. வெடிச்சுதெண்டால் அழுகிப்போகும், துளிர்க்காது." வெடித்தவற்றை விறகுக்கென்று தனியே போட்டிருந்தார். இப்படித் துளிர்த்து நிற்கும் உயிர்வேலியை, மதிலைவிட மலிவு என்பதற்காக மட்டும் நான் விரும்பவில்லை. ஆட்டுக்குக் குழை தருகிறது, காற்றை விடுகிறது, வெள்ளத்தையும் மறிப்பதில்லை.

தடி சீவிய அம்மாவிடமே சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். "பின்னேரம் கையில தந்திடுவார். மழை வந்து இடையில நிப்பாட்டினாலும் அரைநாள் காசு வரும்." ஒரு கொந்தராத்துக்காரரை அளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வேலையாட்களின் கூலியில் பிடிக்கிறவர் நம் மணலிலும் பிடிப்பார்.

பிறகு கணக்கு வந்தது. ஒரு கொப்பித் தாளில் மணல் எத்தனை கியூப், கல் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியே எழுதியிருந்தார். காசு மூன்று பங்கு. கடைசிப் பங்கை மாரி கழிந்த பிறகு தரலாம் என்று எழுதியதும் அவர்தான். வேறொருவர், வடக்கு மூலையில் நிற்கும் பனைகளை ஓர் இரவில் "இல்லாமல் செய்து" தருவதாகச் சொல்லியிருந்தார். பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பது தெரிந்தே அப்படிச் சொல்கிறவரிடம் வளவின் திறப்பைக் கொடுக்கக் கூடாது. இவர் பனைகளைச் சுற்றியே நடைபாதையை வளைத்து வரைந்திருந்தார்.

சித்திக்குப் புல்தரை ஆசை விடவில்லை. வைகாசியிலிருந்து ஆவணி வரை தினமும் கிணற்றுத் தண்ணீர் இறைக்க வேண்டும், வீட்டில் ஆளில்லை என்று தொலைபேசியில் நெடுநேரம் சொன்னேன். கடைசியில் புல்லுக்கு ஒதுக்கிய இடத்தில் முருங்கையும் தேசியும் வைக்கச் சம்மதித்தார். கல்வேலை ஆவணியில் தொடங்கும். கதியாலை முதல் மழை விழுந்த பிறகுதான் நடுவார்கள்.