பூமிக்கு ஒரு நற்சான்றிதழ்

அண்மையில் அயல் வீட்டு இளைஞர் ஒருவர் நற்சான்றிதழ் கேட்டு என்னிடம் வந்தார. வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் கிராம உத்தியோகத்தரிடமும், ஊரில் பொறுப்பானவர் என்று கருதப்படும் ஒருவரிடமும் நற்சான்றிதழ் பெற்றுக்கொள்வது எமது நாட்டில் நெடுங்கால வழக்கம். ‘இவரைப் பல வருடங்களாக நன்கு அறிவேன், நன்னடத்தை உடையவர்’ என்று எழுதிக் கையொப்பமிட்டபோது, நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்த காலத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் கூறிய புத்திமதி நினைவுக்கு வந்தது. “தம்பி, ஒரு மனிதனைப் பற்றி அறிய வேண்டுமானால் அவனுக்கு மேலே உள்ளவனிடம் கேட்காதே, கீழே உள்ளவனிடம் கேள்.”

இளைஞர் சென்ற பின்னர் வேறொரு கேள்வி எழுந்தது. முழு மனித குலத்துக்கும் நற்சான்றிதழ் தேவைப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது? எம்மை நாமே புகழ்ந்தால் அது செல்லுபடியாகாது. வெளியாள் ஒருவர் வேண்டும். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர்கள் வேற்றுக்கிரகவாசிகளைச் சாட்சிக்கு அழைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சாட்சிகள் பொதுவாக எமக்கு நல்ல பெயர் தரவில்லை. 1951 இல் வெளிவந்த ‘பூமி அசையாது நின்ற நாள்’ என்ற ஹொலிவூட் திரைப்படத்தில் வேற்றுக்கிரகத் தூதுவன் ஒருவன் வாஷிங்டனில் வந்து இறங்குகிறான். பரிசுப் பொருளொன்றை அவன் நீட்ட, அதை ஆயுதமென்று எண்ணிய படைவீரன் ஒருவன் அவனைச் சுட்டு விடுகிறான். உங்கள் வன்முறையை விண்வெளிக்கும் கொண்டுவந்தால் உங்கள் பூமி சாம்பலாகும் என்று இறுதியில் எச்சரித்துவிட்டே அவன் திரும்பிச் செல்கிறான். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து ஆறு வருடங்களே சென்றிருந்த காலம் அது.

பின்னாளில் கொழும்பைத் தமது வாழ்விடமாக்கிக் கொண்ட ஆர்தர் சி. கிளார்க், 1946 இல் ‘மீட்புக் குழு’ என்றொரு சிறுகதை வெளியிட்டார். சூரியன் வெடிக்கப் போகிறது என்றறிந்த வேற்றுலகத்தவர் மனிதரைக் காப்பாற்ற விரைந்து வருகிறார்கள். பூமியோ வெறுமையாகக் கிடக்கிறது. பெரும் கப்பற்படையொன்றை அமைத்துக்கொண்டு மனிதர் தாமாகவே வெளியேறி விட்டார்கள். பிழைக்க மாட்டார்கள் என்று இரங்கியவர்கள் வியந்து நிற்கிறார்கள். அந்த வியப்பில் சிறிது அச்சமும் கலந்திருக்கிறது.

டக்ளஸ் அடம்ஸ் 1979 இல் நூலாக வெளியிட்ட நகைச்சுவைக் கதையில், அண்டவெளிப் பயணிகளுக்கான வழிகாட்டி நூலொன்று வருகிறது. பூமி தீங்கற்றது என்பது மட்டுமே அதில் எம்மைப் பற்றி இருந்த குறிப்பு. அந்நூலின் நிருபர் பதினைந்து வருடங்கள் இங்கு தங்கி ஆராய்ந்ததன் பயனாக, ‘பெரும்பாலும்’ என்ற ஒரு சொல் அதனோடு சேர்ந்துகொள்கிறது. பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்ததை ஒரு வரியாகச் சுருக்கும் துணை ஆசிரியர்களோடு காலம் கழித்தவன் என்ற வகையில், அந்த நிருபருக்காக நான் உண்மையாகவே வருந்தியிருக்கிறேன்.

இக்கதைகளை ஒருசேர நினைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். சாட்சி சொல்பவர்கள் எல்லோரும் எம்மைவிட அறிவிலோ ஆற்றலிலோ மேலானவர்கள். எமது மூத்த ஆசிரியரின் பாஷையில் சொன்னால், மேலே உள்ளவர்களிடமே விசாரணை நடந்திருக்கிறது.

கதைகளுக்கு வெளியே, உண்மையிலேயே எமக்கு நாம் எழுதிய நற்சான்றிதழ் ஒன்றும் உண்டு. 1977 இல் ஏவப்பட்ட இரண்டு வொயேஜர் விண்கலங்களும் பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டொன்றை ஏந்திச் செல்கின்றன. கார்ல் சேகன் தலைமையிலான குழு தயாரித்த அத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துகளும், நூற்றுக்கும் அதிகமான படங்களும், இசையும் உள்ளன. சிங்களம், தெலுங்கு, கன்னடம் ஆகியன இருக்கின்றன, தமிழ் இல்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறையாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. போர், வறுமை, நோய் ஆகியவற்றைக் காட்டும் படங்கள் வேண்டாமென்று அக்குழு தீர்மானித்திருந்தது. வொயேஜர் இரண்டு 1977 ஓகஸ்ட் 20 ஆம் திகதி புறப்பட்டது. அதே நாட்களில்தான் இந்தத் தீவில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள் பரவிக்கொண்டிருந்தன.

மனித குலத்தின் சார்பில் சமாதானத்தையும் நட்பையும் நாடுவதாக அத்தட்டில் குரல் கொடுத்தவர் அப்போதைய ஐ.நா. செயலாளர் நாயகம் குர்ட் வால்ட்ஹைம். இரண்டாம் உலகப் போரில் பால்கன் பிரதேசத்தில் ஜேர்மன் இராணுவத்தில் பணியாற்றியதை அவர் மறைத்து வைத்திருந்தமை 1986 இல் அம்பலமாயிற்று. சான்றிதழ் திரும்பப் பெற முடியாத தூரத்துக்குப் போய்விட்டது. 2012 இல் வொயேஜர் ஒன்றும், 2018 இல் வொயேஜர் இரண்டும் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்தன.

வேற்றுக்கிரகவாசியை எமக்குக் கீழே வைத்துக் கேட்ட படைப்பு என நான் அறிந்தவற்றுள் முக்கியமானது ‘டிஸ்ட்ரிக்ட் 9’. ஜொஹனஸ்பேர்க்கில் பிறந்த நீல் புளொம்காம்ப் இயக்கிய திரைப்படம். அந்நகரின் வானில் 1982 இல் ஒரு கலம் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் படையெடுத்து வந்தவர்கள் அல்லர், பசியால் மெலிந்தவர்கள். அவர்களைக் கீழே இறக்கி, முகாமில் அடைத்து, ‘இறால்’ என்று பட்டப்பெயர் சூட்டுகிறார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாகிய பின், நகருக்குத் தொலைவிலுள்ள வேறொரு முகாமுக்கு அனுப்புவதற்காக அதிகாரிகள் குடிசை குடிசையாகச் சென்று வெளியேற்றப் பத்திரங்களில் கையொப்பம் வாங்குகிறார்கள். படத்தின் பெயர் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை நினைவூட்டுவது. 1966 இல் வெள்ளையருக்கு மட்டுமென்று அப்பகுதி பிரகடனப்படுத்தப்பட்டது. பின்னர் அங்கிருந்து சுமார் 60,000 பேர் அகற்றப்பட்டனர்.

அத்திரைப்படம் வெளிவந்தது 2009 ஓகஸ்டில். போர் முடிந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. செட்டிகுளம் மெனிக் பாமிலும் ஏனைய ‘நலன்புரி நிலையங்களிலும்’ இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். படத்தைப் பார்த்தபோது, பூமியில் ஓர் அந்நியன் எப்படி நடத்தப்படுவான் என்பதை அறிய வானத்திலிருந்து எவரும் வரத் தேவையில்லை என்று தோன்றியது.

அந்நாட்களில் நான் முகாம்களைப் பற்றி நிறைய எழுதினேன். எத்தனை கூடாரங்கள், எத்தனை தண்ணீர்த் தாங்கிகள், எந்த அமைச்சர் என்ன வாக்குறுதி அளித்தார் என்றெல்லாம் எழுதினேன். வேலிக்கு வெளியே பஸ் ஏறி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த எங்களைப் பற்றி உள்ளே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்தச் செய்தியிலும் கேட்டு எழுதவில்லை. ஊடகவியலாளர்கள் உள்ளே சுதந்திரமாகச் செல்ல முடியாதிருந்தது உண்மை. ஆனால் வெளியே வந்தவர்களிடமும் நான் கேட்டதில்லை. அவர்கள் பட்ட கஷ்டங்களைக் கேட்டிருக்கிறேன். எங்களைப் பற்றிய அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை. மூத்த ஆசிரியரின் புத்திமதியை மற்றவர்கள் விடயத்தில் பின்பற்றிய நான், என் விடயத்தில் மறந்திருக்கிறேன்.

மெனிக் பாமில் மாதக்கணக்கில் இருந்த உறவினர் ஒருவர் அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வர இருக்கிறார். இம்முறை அவரிடம் கேட்பதென்று தீர்மானித்திருக்கிறேன். பெரும்பாலும் தீங்கற்றவர்கள் என்று அவர் சொல்லிவிட்டால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். அந்த அளவுக்காவது சொல்வாரா என்பதில்தான் எனக்கு நிச்சயமில்லை.