கார்டில் பணம் விழாத நவம்பர்

அக்டோபர் 27, 2025, திங்கள். எடிசன், நியூ ஜெர்சி

அமெரிக்க வேளாண்துறையின் இணையதளத்தில் அறிவிப்பு வந்துவிட்டது. நவம்பர் 1 முதல் ஸ்னாப் பணம் கிடையாது. கிணறு வற்றிவிட்டது என்றே எழுதியிருக்கிறார்கள்.

ஊரில் இருப்பவர்களிடம் ஸ்னாப்பை ‘இந்த ஊர் ரேஷன்’ என்று சொல்லித்தான் புரியவைப்பேன். ரேஷன் கடையில் அரிசியாகக் கிடைக்கும். இங்கே பணமாக ஒரு பிளாஸ்டிக் கார்டில் விழும். எங்கள் மாநிலத்தில் மாதத்தின் முதல் ஐந்து நாட்களுக்குள், கோப்பு எண்ணைப் பொறுத்து ஆளுக்கொரு தேதி. அந்தக் கார்டை மளிகைக் கடையில் தேய்த்து அரிசி, பால், காய்கறி வாங்கலாம். சோப்பு, டயப்பர் வாங்க முடியாது. சுடச்சுடச் சமைத்த சாப்பாடும் முடியாது. நாடு முழுவதும் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர், இதை நம்பி மாதத்தை ஓட்டுகிறார்கள். தலைக்குச் சராசரியாக மாதம் 187 டாலர்.

பட்ஜெட் நிறைவேறாமல் அக்டோபர் 1 முதல் அரசு முடங்கிக் கிடக்கிறது. அக்டோபர் பணம் எப்படியோ வந்துவிட்டது. 1964-இல் உணவு முத்திரைச் சட்டம் வந்த காலம் முதல் எத்தனையோ முடக்கங்கள் நடந்திருக்கின்றன. இப்படி நாடு முழுக்க ஒரு மாதப் பணம் நின்றது இல்லை.

அக்டோபர் 29, புதன்

ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கும் பெண். மதுரைப் பக்கம். வீட்டுக்காரர் உடன் இல்லை. பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவை. அதனால் அவர்கள் பெயரில் ஸ்னாப் வருகிறது, இவளுக்கு இல்லை. நான் வாங்கிய கறிவேப்பிலைக்கு விலை போட்டுக்கொண்டே கேட்டாள்:

“அக்கா, ஒண்ணாம் தேதி கார்டுல விழுமா?”

விழாது போலிருக்கிறது என்றேன். கை நின்றுவிட்டது. பின்னால் ஆள் நின்றதால் மேலே பேசவில்லை. வேலை முடிந்து வெளியே வரும்வரை காருக்குள் காத்திருந்தேன்.

கார்டில் 14 டாலர் மீதி இருக்கிறதாம். மாதம் முடிந்தால் அது போய்விடுமோ என்ற பயத்தில் இன்றே எதையாவது வாங்கித் தீர்த்துவிட நினைத்திருக்கிறாள். மீதி போகாது, நவம்பரிலும் தேய்க்கலாம் என்று சொன்னேன். பெரியவனுக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் வழக்கம்போல் கிடைக்கும். சின்னவளுக்கு நாலு வயது. தாய்-சேய் ஊட்டச்சத்துக்கான ‘விக்’ திட்டம் தனி, அதில் பால், முட்டை, சீரியல் இப்போதைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஸ்னாப் நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்று எண்ணியிருந்தாள். அவளைப் போலவே எண்ணியிருப்பவர்கள் நிறைய.

இலவசமாக உணவுப் பொருள் தரும் பேன்ட்ரிக்குப் போகலாமே என்றதும் குரல் இறங்கிவிட்டது. “பேரு எழுதுவாங்களா அக்கா? நாளைக்கு கிரீன் கார்டுக்குப் பிரச்சினையாயிட்டா?”

நான் வேலை செய்யும் பேன்ட்ரியில் என்ன கேட்போம் என்று அப்படியே சொன்னேன். பெயர், எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர். விசா கேட்பதில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பதில்லை. சர்ச் நடத்தும் இடம், மதமும் கேட்பதில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

அக்டோபர் 30, வியாழன்

அலுவலக இடைவேளையில் உதவி எண் 211-க்கு அழைத்தேன். இதுவரை அடுத்தவர்களுக்கு எண்ணைக் கொடுத்தேனே தவிர, அழைத்தால் என்ன நடக்கிறது என்று முழுதாகக் கேட்டதில்லை. மூன்றே இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கிறார்கள். ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். இன்று எல்லோரும் அழைக்கிறார்கள் போல, வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. எடுத்த பெண் அவசரப்படவே இல்லை. ஜிப் கோடு கேட்டாள். அக்கம்பக்கத்துப் பேன்ட்ரிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

அந்தப் பட்டியலை வைத்து நானே ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட்டேன். அதைச் செய்யாமல் யாரையும் அனுப்பக் கூடாது. ஓரிடத்தில் நேரம் மாறியிருந்தது. ஓரிடத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும். கரன்ட் பில் மாதிரி முகவரிச் சான்று வேண்டும். இன்னோரிடத்தில் முன்பதிவு. சில இடங்களில் மாதம் ஒருமுறைதான். ஒன்று செவ்வாய் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. கல்லாவில் நிற்பவள் செவ்வாய் காலை எப்படி வருவாள்? மாலையில் திறப்பவை குறைவு. அவற்றைத் தனியாக எழுதினேன்.

உணவு வங்கி வேறு, பேன்ட்ரி வேறு. வங்கி என்பது பெரிய கிடங்கு. அங்கே போய் நின்றால் பெரும்பாலும் பை கிடைக்காது. கிடங்கிலிருந்து சர்ச், மசூதி, பள்ளி, முதியோர் மையம் என்று பொருள் பிரிந்து வரும் இடம்தான் பேன்ட்ரி. எங்கள் மிடில்செக்ஸ் கவுண்டிக்கு ‘ரீப்ளெனிஷ்’ கிடங்கு. மாநிலத்தின் பெரிய உணவு வங்கி ஹில்சைடில் இருக்கிறது. கேத்லீன் டிகியாரா என்ற அம்மையார் 1975-இல் தன் காரில் சாப்பாட்டுப் பொருள் ஏற்றிப்போய்க் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது அது.

இரவு தமிழில் ஒரு பக்கம் அடித்தேன்: இடம், கிழமை, நேரம், என்ன எடுத்துவர வேண்டும். குடியிருப்பின் துணி துவைக்கும் அறைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். அங்கே வராதவர் யாரும் இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

பாஸ்டனிலும் ராட் ஐலண்டிலும் இரண்டு நீதிபதிகள் ஒரே நாளில் சொல்லிவிட்டார்கள்: அவசர நிதி இருக்கும்போது பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. நல்ல தீர்ப்பு. ஆனால் நிதியில் இருப்பது 5 பில்லியன் டாலருக்கும் குறைவு. ஒரு மாதத்துக்குத் தேவை 8 பில்லியனுக்கு மேல். தீர்ப்பு வந்த கையோடு கார்டு நிறைந்துவிடவும் செய்யாது. நாளை ஒன்றாம் தேதி.

நவம்பர் 1, சனி

திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வரிசை சர்ச் கட்டடத்தைச் சுற்றி வந்துவிட்டது. சீருடையோடு வந்த மத்திய அரசு ஊழியர் ஒருவர். ஒரு மாதமாகச் சம்பளமில்லாமல் வேலைக்குப் போகிறாராம். கைக்குழந்தையோடு ஒரு ஹோண்டுராஸ் பெண். என் பிள்ளையின் பள்ளியில் நான் பார்த்திருக்கும் ஒரு முகம். அவர் என்னைப் பார்க்காத மாதிரி நின்றார், நானும் அப்படியே இருந்தேன்.

எங்களுடையது தேர்ந்தெடுக்கும் பேன்ட்ரி. கட்டிவைத்த பையை நீட்டாமல், அலமாரியிலிருந்து அவரவரே எடுத்துக்கொள்ளலாம். இந்த முறைக்காக நான் யாரோடும் வாதாடுவேன். கட்டிய பையில் டூனா மீன் டின் இருக்கும், கோழிச் சாறு இருக்கும். சைவக்காரர் வீட்டில் அது அப்படியே கிடக்கும்.

யாழ்ப்பாணத்து ஐயாவும் அம்மாவும் வந்தார்கள். முதியோர் குடியிருப்பில் தனியாக இருக்கிறார்கள். ஐயா ஆசிரியராக இருந்தவர். வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் மட்டும் சைவம் என்பதில்லை, எப்போதுமே சைவம். ஒரு பீன்ஸ் டின்னைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“பிள்ளை, இதுக்குள்ள இறைச்சி ஏதும் கிடக்கோ?”

வாங்கிப் படித்தேன். பன்றிக்கொழுப்பு. பக்கத்து டின் அதே நிறம், அதே படம். அதில் வெறும் பீன்ஸும் உப்பும். பொடி எழுத்தை எழுபத்தைந்து வயதுக் கண் எப்படிப் பிரித்தறியும்? அலுவலக அறையில் விலை ஒட்டும் பச்சை வட்டங்கள் ஒரு சுருள் இருந்தது. இன்னொரு தொண்டரும் நானுமாகப் பின்பக்கம் உட்கார்ந்து, இறைச்சியோ மீனோ முட்டையோ சேராத டின்களில் எல்லாம் ஒவ்வொரு பச்சை வட்டம் ஒட்டினோம். இந்தியப் பொட்டலங்களில் இருக்கும் அதே பச்சைப் புள்ளி. குஜராத்திப் பெண் ஒருத்தி பார்த்ததும் புரிந்துகொண்டு கூடையை நேராக அங்கே கொண்டுவந்தாள்.

கொண்டைக்கடலை டின், கருப்பு பீன்ஸ், அரிசி, ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், ஆப்பிள், உருளைக்கிழங்கு. கொண்டைக்கடலையை நீரில் அலசிவிட்டு உப்பைக் குறைத்துத் தாளித்தால் சுண்டல் என்று அம்மாவிடம் சொல்லப் போனேன். எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

பையைக் கட்டிக்கொண்டு ஐயா சொன்னார்: “முப்பது வருசத்துக்கு முந்தி இந்த நாட்களிலதான் யாழ்ப்பாணத்தால வெளிக்கிட்டனாங்கள். சாவகச்சேரியில நிவாரணத்துக்கு வரிசையில நிண்டது. இஞ்ச வந்தும் நிக்கவேண்டி வரும் எண்டு நினைக்கேல்லை.”

1995 அக்டோபர் இடப்பெயர்வை நான் படித்துத்தான் அறிவேன். பதில் எதுவும் சொல்லாமல் பையைக் கார்வரை தூக்கிப் போனேன்.

மதுரைப் பெண் கடைசியில், மூடப்போகும் நேரத்தில் வந்தாள். கடையில் இடைவேளை அப்போதுதான் கிடைத்ததாம். அதற்குள் பால் தீர்ந்திருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

தமிழ் வாட்ஸ்அப் குழுவில் நல்ல மனதோடு நூறு பொட்டலம் சாம்பார் சாதம் சமைத்துத் தரலாமா என்று கேட்டார்கள். வீட்டுச் சமையலைப் பேன்ட்ரி வாங்காது, சுகாதார விதி. ஒன்றிரண்டு பவுண்டு அளவில் பிரிக்காத அரிசி, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு கொடுங்கள், அதைவிடப் பணமாகக் கொடுங்கள் என்று எழுதினேன். உணவு வங்கி மொத்த விலைக்கு வாங்குவதால் நம் பத்து டாலர், நாம் கடையில் வாங்குவதைவிட அதிகம் வாங்கும். சிலருக்குக் கோபம். சமைத்துத்தான் தருவோம் என்றால் சீக்கியர்களின் குருத்வாராவில் லங்கருக்குப் போய்க் காய் நறுக்கலாம். அங்கே எந்த மதத்தவரும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் சுடச்சுட ரொட்டியும் பருப்பும் கிடைக்கும். படிவம் கிடையாது, கேள்வி கிடையாது. பேன்ட்ரி மூடியிருக்கும் நாளில் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்று நீதிமன்றத்தில் மத்திய அரசு பாதிப் பணம் தருவதாகச் சொன்னது. எப்போது என்று சொல்லவில்லை. பாதி என்று கணக்குப் போட மாநிலக் கணினிகளை மாற்றியமைக்க வேண்டுமாம்.

நவம்பர் 8, சனி

நேற்று மாலை மதுரைப் பெண்ணிடமிருந்து செய்தி: “விழுந்திருச்சு அக்கா. முழுசா.” ராட் ஐலண்ட் நீதிபதி முழுப் பணத்தையும் கொடுக்கச் சொல்லி வியாழனன்று உத்தரவிட, நியூ ஜெர்சி உட்படச் சில மாநிலங்கள் உடனே ஏற்றிவிட்டன. நேற்று இரவே உச்ச நீதிமன்ற நீதிபதி கேதாஞ்சி பிரவுன் ஜாக்சன் அந்த உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார். இன்று, முழுதாகக் கொடுத்த மாநிலங்கள் அந்த நடவடிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று வேளாண்துறை எழுதியிருக்கிறது.

“திருப்பி எடுத்துருவாங்களா அக்கா?” என்று காலையில் கேட்டாள். ஒரு தாய் இந்தக் கேள்வியோடு கடைக்குப் போகும்படி வைப்பது கொடுமை. வழக்கமாக வாங்குவதை வாங்கிக்கொள், பயந்து ஒரேயடியாக வாங்காதே என்றேன். இருபது பவுண்டு அரிசி, எண்ணெய், பருப்பு வாங்கிவிட்டாள். அவள் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நவம்பர் 13, வியாழன்

நேற்று இரவு நிதி மசோதா கையெழுத்தாகிவிட்டது. 43 நாள் முடக்கம் முடிந்தது. ஸ்னாப்புக்கு 2026 செப்டம்பர் 30 வரை பணம் உண்டு.

நவம்பர் 15, சனி

முடக்கம் முடிந்தும் வரிசை குறையவில்லை. முதல் வாரத்தில் வாடகைப் பணத்தை எடுத்துச் சாப்பாட்டுக்குப் போட்டவர்கள் இப்போது வாடகைக்கு முழிக்கிறார்கள். ஜூலையில் வந்த புதிய சட்டத்தின்படி வேலை நிபந்தனை 64 வயது வரை நீண்டுவிட்டது. அதனால் கார்டே போய்விடுமோ என்று கேட்டு இன்று சிலர் வந்தார்கள். இந்த வருடத் தொடக்கத்தில் உணவு வங்கிகளுக்கு வரவேண்டிய 500 மில்லியன் டாலர் மத்திய அரசுச் சரக்கு ரத்தானதால் கிடங்குகளும் முன்புபோல் இல்லை.

பேன்ட்ரியில் வேலை செய்பவளாகவே சொல்கிறேன்: பேன்ட்ரியால் இதைத் தாங்க முடியாது. உணவு வங்கிகள் ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தால் ஸ்னாப் ஒன்பது வேளை கொடுக்கிறது என்பது ஃபீடிங் அமெரிக்கா அமைப்பின் கணக்கு. ஒன்பதை நிறுத்திவிட்டு ஒன்றைப் பத்தாக்கு என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்வது நியாயமில்லை. பட்டினி வராமல் பார்ப்பது அரசின் கடமை. அது தவறும் வாரத்தில் பிள்ளைகள் சாப்பிடவேண்டியிருப்பதால் நாம் நிற்கிறோம்.

இந்நாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: உங்கள் கட்டடத்தில், கோயிலில், கடையில் தெரிந்த முதியவர் யார், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் யார் என்று யோசியுங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள். நீங்கள் 211-க்கு அழைத்து, கிடைத்த இடத்துக்குப் போன் போட்டு நேரத்தை உறுதி செய்து, முடிந்தால் காரில் கூட்டிப்போங்கள். உங்கள் ஊர்ப் பேன்ட்ரிக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை எழுதிவையுங்கள். நவம்பர், டிசம்பரில் எல்லோரும் கொடுக்கிறார்கள், பிப்ரவரியில் அலமாரி காலியாகிவிடுகிறது.