"கொஞ்சம் சத்தமாப் பாடுங்க" என்று சொன்னோம்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதான உம்மா, உம்மும்மா இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். நாங்கள் விட்ட பிழையை நீங்களும் விடக்கூடாது என்றுதான் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் ஒரு வாத்தியாரும் ஏ.எல். படிக்கும் மூன்று பிள்ளைகளும். ஊரில் உள்ள மூத்த பெண்கள் அந்தக் காலத்தில் பாடிய ஓராட்டுகளையும் நெல் குத்தும்போது பாடிய பாட்டுகளையும் பதிந்து வைப்போம் என்று போன வருடம் தொடங்கினோம். இசைக்கருவி எதுவும் இல்லை, வெறும் குரல் மட்டும்தான். கேட்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஏன் இந்த வேலை? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்கள் சமூகம் வெளியேற்றப்பட்டபோது பெரியவர்கள் கையில் கொண்டுபோனது மிகக் கொஞ்சம். போட்டோ, கொப்பி, கசெட் எல்லாம் விட்டுவிட்டு வந்த வீடுகளோடு போய்விட்டன. வாயில் இருந்த பாட்டு மட்டும் புத்தளத்துக்குக் கூடவே வந்தது. எங்களில் மூத்தவரும் அங்கே ஓலைக் கொட்டிலுக்குள் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தூங்கினார். யுத்தம் முடிந்து பெரியமடுவுக்குத் திரும்பி வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் போனில் வரும் கார்ட்டூன் பார்த்துத் தூங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பாட்டுத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், அதுதான் கவலை.

கட்டாரில் வேலை செய்யும் ஒரு சகோதரர் பழைய மைக் ஒன்றும், மைக்கை லெப்டொப்பில் இணைக்கும் யூஎஸ்பி பெட்டி ஒன்றும் தந்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். ஒரு நாள் அஸருக்குப் பிறகு எண்பது வயது தாண்டிய ஒரு உம்மும்மாவின் வீட்டுக்குப் போனோம். பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. ஓடாசிட்டியைத் திறந்தோம். பேசும்போது கோடு மேலும் கீழும் ஆடியது. எல்லாம் சரி என்று நினைத்துவிட்டோம்.

உம்மும்மா ஏழு பாட்டுப் பாடினார். இடையில் போட்டுக் கேட்டால் குரல் வந்து வந்து மறைந்தது. சொல் கேட்டது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவர் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுக்கும் இடம் ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றுக்குள் விழுந்த மாதிரி அப்படியே மௌனம்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "உம்மும்மா, கொஞ்சம் சத்தமாப் பாடுங்க" என்றோம். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. அவரும் சத்தமாகப் பாடிப் பார்த்தார். இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் பாடினார். கடைசியில், "இதுக்கு மேல ஏலாது மகன், மூச்சுப் பத்துதில்ல" என்றார். பிள்ளையைத் தூங்க வைக்கிற பாட்டை யாராவது கத்திப் பாடுவார்களா? அந்த யோசனை எங்களுக்கு அப்போது வரவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று இரவு தேடினோம். பிழையைக் கண்டுபிடித்தது எங்களில் இளைய பிள்ளைதான். மைக்கை விரலால் தட்டினான், கோடு அசையவில்லை. லெப்டொப்பின் உடம்பில் தட்டினான், கோடு துள்ளியது. "சேர், மைக் வேலையே செய்யல்ல. லெப்டொப்தான் கேட்டிருக்கு" என்றான்.

நடந்தது இதுதான். பெட்டிக்கு உரிய ட்ரைவரை நாங்கள் போடவில்லை. ட்ரைவர் என்பது கருவிக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சின்ன சொஃப்ட்வெயார். அது இல்லாமலும் பெட்டிக்கு கரண்ட் போகும், லைட் எரியும். ஆனால் பதியும் சொஃப்ட்வெயார் பழைய இடத்திலேயே, லெப்டொப்புக்குள் இருக்கும் குட்டி மைக்கையே பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குட்டி மைக்கில் இரைச்சலைக் குறைக்கும் வசதி போட்டிருந்தது. சூம் வகுப்புக்கு நல்ல சாமான்தான். ஃபேன், ஜெனரேட்டர் போல ஒரே சீராக வரும் சத்தத்தை இரைச்சல் என்று எடுத்து வெட்டிவிடும். ஏறி இறங்கி, விட்டு விட்டு வருவதைப் பேச்சு என்று விட்டுவிடும். உம்மும்மாவின் "ம்ம்ம்" ஒரே சீராக வந்தது. அதையும் ஃபேன் சத்தம் என்று எண்ணி வெட்டியிருக்கிறது. ஓராட்டின் உயிரே அந்த இழுவைதான்.

பிறகு கம்பனியின் இணையத்தளத்தில் பெட்டியின் மாடலைத் தேடி, அதற்கே உரிய ஏசியோ ட்ரைவரை இறக்கிப் போட்டோம். ஏசியோ என்பது ஜேர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த முறை. வழக்கமாக விண்டோஸுக்குள் சத்தம் பல கை மாறித்தான் சொஃப்ட்வெயாருக்கு வந்து சேரும். ஏசியோவில் கருவியிலிருந்து கிட்டத்தட்ட நேரே வரும். எங்களிடம் இருந்த ஓடாசிட்டியில் ஏசியோ வேலை செய்யவில்லை என்பதால் ரீப்பர் என்ற சொஃப்ட்வெயாருக்கு மாறினோம்.

இப்போது குரல் முழுதாக வந்தது. ஆனால் கரகரவென்று ஒரு சத்தம். அதற்குக் காரணம் பஃபர். தோட்டத்துக்கு வாளியால் தண்ணீர் ஊற்றுவது போல என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். சின்ன வாளி என்றால் ஓடி ஓடி ஊற்ற வேண்டும், ஒரு தடவை பிந்தினால் பாத்தி காயும். அந்தக் காய்ச்சல்தான் கரகரப்பு. பெரிய வாளி என்றால் ஆறுதலாக ஊற்றலாம், ஆனால் அது நிறையக் கொஞ்சம் நேரம் எடுக்கும். செக்கனுக்கு 48,000 மாதிரி எடுக்கும்போது 128 அளவு பஃபர் என்பது 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. பழைய லெப்டொப்புக்கு அது தாங்காது. 512 ஆக்கினோம், கிட்டத்தட்ட 11 மில்லிசெக்கன். கரகரப்பு நின்றது. பாடுபவர் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டு பாடினால்தான் அந்தத் தாமதம் இடைஞ்சல். உம்மும்மாவுக்கு ஹெட்போன் எதற்கு?

ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் போனோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். "உங்கட குரல்ல குறை இல்ல உம்மும்மா, எங்கட சாமான்லதான் பிழை" என்றோம். சிரித்தார். "நான் நினைச்சன் எனக்குத்தான் குரல் போயிட்டுது எண்டு" என்றார். அந்தச் சொல் இன்னும் எங்களைக் குத்துகிறது. ஒரு மாதம் முழுக்க அவர் அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். வகுப்பிலும் இப்படித்தானே. பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் முதலில் பிள்ளையைத்தான் சொல்கிறோம்.

அன்று ஐந்து பாட்டுப் பாடினார், மெதுவாக, பாடவேண்டிய மாதிரி. மற்ற இரண்டையும் கேட்டோம். கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "அது இப்ப வருதில்ல வாப்பா" என்றார். அந்த இரண்டும் ஓட்டை விழுந்த பதிவாகத்தான் எங்களிடம் இருக்கின்றன. வெட்டுப்பட்டதை எந்த சொஃப்ட்வெயாராலும் திருப்பி எடுக்க ஏலாது.

ஆகவே, பதியப் போகிறவர்களுக்கு:

1. கருவியின் கம்பனி தரும் ட்ரைவரையே வீட்டில் வைத்துப் போடுங்கள். கம்பனி ட்ரைவர் இல்லாவிட்டால் மட்டும் ஏசியோஃபோர்ஆல் என்ற இலவச ட்ரைவரைப் பாருங்கள்.

2. மைக்கை மெல்லத் தட்டுங்கள், பிறகு லெப்டொப்பைத் தட்டுங்கள். எது கேட்கிறது என்று பாருங்கள். லைட் எரிவதை நம்ப வேண்டாம்.

3. சவுண்ட் செட்டிங்கில் இரைச்சல் குறைப்பு, ஓடியோ என்ஹான்ஸ்மென்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

4. கருவியிலும் சொஃப்ட்வெயாரிலும் ஒரே சாம்பிள் ரேட் வையுங்கள். இரண்டிலும் 48,000 என்றால் நல்லது.

5. கரகரத்தால் பஃபரைக் கூட்டுங்கள், வைஃபையை நிறுத்துங்கள்.

6. ஒரு நிமிடம் நீங்களே பாடி, வாயை மூடி இழுத்தும் பார்த்து, முழுதாகப் போட்டுக் கேளுங்கள். அதன் பிறகு பெரியவர்களை உட்கார வையுங்கள்.

7. பக்கத்தில் ஒரு போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.

மைக்கும் பெட்டியும் எங்களிடம் இருக்கின்றன. யாருக்குத் தேவை என்றாலும் சொல்லுங்கள், ஜும்ஆவுக்குப் பிறகு பிள்ளைகளோடு வந்து பதிந்து தருவோம். அந்த இரண்டு பாட்டும் தெரிந்த யாராவது புத்தளத்திலோ வேறு ஊரிலோ இருந்தால் தயவுசெய்து தொடர்புகொள்ளுங்கள். சொல் எங்களிடம் இருக்கிறது. இழுவைதான் இல்லை.

உம்மும்மாவின் சுகத்துக்காக துஆச் செய்யுங்கள்.