மூட்டு வலி அம்மா, அஞ்சரை லட்சம், ஒரு பெரிய வண்டி

முழங்கால் தேய்மானத்துக்கு என்கிட்ட வர்ற பெரியவங்களோட பிள்ளைகள், மாத்திரை பத்தி கேட்டு முடிச்சதும் கேட்கிற அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்.

"டாக்டர், அம்மாவ பஸ்ல ஏத்த முடியல. அஞ்சு லட்சத்துக்குள்ள செகண்ட் ஹேண்ட்ல பெரிய வண்டியா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லா இருக்கும்?"

நான் பெரம்பலூர்ல பொது மருத்துவம் பார்க்கிறவன். மெக்கானிக் கிடையாது. ஆனா இதே கேள்வி போன வருஷம் எங்க வீட்லயும் வந்துச்சு. அம்மாவுக்கு 72 வயசு, ரெண்டு முழங்காலும் தேய்மானம். இருக்கிறது அரியலூர் பக்கம் ஒரு கிராமம். மாசம் ஒருமுறை திருச்சிக்கு செக்கப், நடுவுல கல்யாணம், காதுகுத்து. என் பட்ஜெட் அஞ்சரை லட்சம். (டாக்டர்னா கோடியில புரளுவாங்கனு நினைக்கிறவங்க என் வீட்டுக் கடன் பாஸ்புக்கை ஒருதடவை பார்க்கலாம்.) மூணு மாசம் தேடினேன். அதுல தெரிஞ்சுகிட்டதை எழுதறேன். நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல வண்டிப் பெயரை மறந்துடுங்க. அதுல உட்காரப் போறவங்களோட உடம்பைப் பாருங்க.

தேய்ஞ்ச முழங்காலுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை நடக்கிறது இல்ல. தாழ்வான இடத்துல இருந்து எழுந்திருக்கிறதும், உயரமான படியில ஒத்தக் காலை ஊணி ஏறுறதும்தான். முழங்கால் அதிகமா மடங்கின நிலையில மொத்த உடம்பையும் தூக்கும்போது, முட்டிச் சிப்பிக்குப் பின்னாடி விழற அழுத்தம் உடல் எடையைப் போல பல மடங்கு. அதனால செடான் கார்ல உட்காரும்போது சுகமா இருக்கிற அம்மா, இறங்கும்போது கதவைப் பிடிச்சுகிட்டு ரெண்டு நிமிஷம் போராடுவாங்க. ஸ்கார்பியோ, பொலேரோ மாதிரி வண்டியில இதுக்கு நேர் எதிர். உட்கார்ந்துட்டா ராஜா, ஏறுறதுதான் பாடு.

இதுக்குக் காரணம் வண்டியோட அடிப்பாகம். இன்னோவா, சைலோ, ஸ்கார்பியோ, டவேரா, சுமோ எல்லாம் லாரி மாதிரி தனி சேஸி மேல பாடியை உட்கார வச்ச வண்டிகள். சேஸி கீழ ஓடுறதால தரைத்தளம் உயரம். மோசமான ரோட்டைத் தாங்கும், ஏழு எட்டு பேரைச் சுமக்கும். எர்டிகா மாதிரி வண்டிகள்ல பாடியும் சேஸியும் ஒண்ணு. முன் சக்கரம்தான் இழுக்கும், பின்னாடி நீளமா ஷாஃப்ட் ஓடாது. அதனால தளம் தாழ்வா இருக்கும், சீட்டை மட்டும் நாற்காலி உயரத்துக்கு வச்சுக்கலாம்.

நான் செஞ்சது ஒரு எளிய வேலை. வீட்ல எந்த நாற்காலியில இருந்து அம்மா கையை ஊணாம எழுந்திருக்காங்கனு பார்த்து, அதோட உயரத்தை அளந்தேன். அந்த இஞ்ச் டேப்போட பழைய கார் விக்கிற இடங்களுக்குப் போனேன். ஒரு புரோக்கர் சிரிச்சுட்டே, "என்ன சார், ஜாக்கெட் தைக்கவா வந்திருக்கீங்க?"ன்னார். தரையில இருந்து சீட் எவ்வளவு உயரம், படி எவ்வளவு உயரம், ரெண்டும் குறிச்சுகிட்டேன். மூணாவது வாரத்துல அவரே டேப்பைப் பிடிக்க வந்துட்டார்.

அம்மாவ நேர்ல கூட்டிட்டுப் போய் உட்கார வச்சுப் பார்க்கிறது அதைவிட நல்லது. கதவைத் திறந்து முதுகை சீட்டுக்குக் காட்டி நிக்கணும், பின்புறமா உட்காரணும், அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள திருப்பணும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செஞ்சவங்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் சில வாரங்கள் இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்காதீங்கனு பல சர்ஜன்கள் சொல்வாங்க, தாழ்வான சீட்ல அது தானா மீறப்படும். சீட் மேல ஒரு பிளாஸ்டிக் கவரை விரிச்சா திரும்புறது வழுக்கிட்டுப் போகும். திரும்பி உட்கார்ந்ததும் கவரை மறக்காம எடுத்துடணும், இல்லன்னா பிரேக் போடும்போது ஆளே வழுக்குவாங்க.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

இன்னோவா. 2005ல குவாலிஸுக்குப் பதிலா வந்தது. இதைப் பத்தி நான் தனியா சொல்ல எதுவுமில்ல, ஊரே சொல்லும். நடு வரிசை சொகுசு, ஏசி, 2.5 லிட்டர் டீசல் இன்ஜினோட ஆயுசு, எல்லாமே உண்மை. அந்த உண்மைக்குத்தான் விலையும். என் பட்ஜெட்டுக்கு எனக்குக் காட்டினதெல்லாம் மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின, ஆர்சி காலம் முடியப் போற வண்டிகள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் எஃப்சி காட்டி அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், 2022 ஏப்ரல்ல இருந்து அந்தக் கட்டணமும் ஏறிப்போச்சு. நல்லா பராமரிச்ச இன்னோவா கிடைச்சா வாங்குங்க. டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்கனு பில்லோட கேளுங்க. "அதெல்லாம் மாத்தியாச்சு சார்"ங்கிறது பதில் இல்ல.

சைலோ. 2009ல வந்து 2019ல நின்னுபோச்சு. இடவசதிக்குக் குறைவில்ல, விலை இன்னோவாவுல பாதிக்குப் பக்கம். முழங்கால் நல்லா இருக்கிற பெரிய குடும்பத்துக்கு, குறைஞ்ச காசுல நிறைஞ்ச வண்டினா என் ஓட்டு இதுக்குத்தான். எங்கம்மாவால படி ஏற முடியல, அவ்வளவுதான்.

டவேரா வேண்டாம்னு சொல்வேன். கம்பெனியே 2017 கடைசியில இந்தியாவுல விற்பனையை நிறுத்திட்டுப் போயிடுச்சு, வருஷம் ஆக ஆக பாகங்களுக்கு அலையணும். மராஸோ, ஹெக்ஸா ரெண்டும் அருமையான வண்டிகள், என் கைக்கு எட்டல.

எர்டிகா 2012ல வந்தது. கடைசி வரிசை குழந்தைகளுக்கு மட்டும்தான், பெரியவங்க உட்கார்ந்தா முட்டி தாடையில இடிக்கும். மூணு வரிசையும் விரிச்சா வாக்கர் வைக்கக்கூட இடமிருக்காது. ஆனா என் டேப் அளவுக்குப் பொருந்தினது இதோட நடு வரிசைதான். கடைசி வரிசையை மடிச்சுட்டா வீல் சேரே படுத்துக்கும்.

இப்போ நான் ரொம்ப நேரம் பேச விரும்புற விஷயம். பெரிய வண்டினா பாதுகாப்புனு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. அரியலூர் ரோட்ல சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவுல ஓட்டுறவங்களுக்கு அந்த நம்பிக்கை வர்றது இயல்பு. ஆனா 2016ல குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை மோதவிட்டுப் பார்த்தப்போ கிடைச்சது பூஜ்யம் ஸ்டார். 2018ல ஏர்பேக் இல்லாத ரெனால்ட் லாட்ஜிக்கும் பூஜ்யம். அதே வருஷம் மராஸோவுக்கு 4 ஸ்டார். மூணுமே பெரிய வண்டிதான்.

பழைய வண்டி வாங்குறவங்களுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்தியாவுல டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையிலதான். பக்கத்து சீட்டுக்கு 2021 கடைசி வரைக்கும் ஆச்சு. அதுக்கு முன்னாடி வந்த வண்டிகள்ல ஒரே பெயர்ல கீழ் வேரியண்ட்ல ஏர்பேக் இருக்காது, மேல் வேரியண்ட்ல இருக்கும். அதனால "எந்த வருஷ மாடல்"னு கேட்கிறதோட நிறுத்தாம "எந்த வேரியண்ட்"னும் கேளுங்க. ஒரு வருஷம் பழசா இருந்தாலும் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள மேல் வேரியண்டை எடுங்க. அலாய் வீலுக்கும் பெரிய டச் ஸ்கிரீனுக்கும் காசு கொடுக்காதீங்க.

ஏர்பேக் உண்மையிலேயே இருக்கானு பார்க்க ஒரு வழி. சாவியைத் திருப்பினதும் மீட்டர்ல ஏர்பேக் விளக்கு எரிஞ்சு, சில நொடியில அணையணும். அணையாம எரிஞ்சா கோளாறு. எரியவே இல்லன்னா அதைவிட சந்தேகம், விபத்துல வெடிச்ச ஏர்பேக்கை மாத்தாம விளக்கை மட்டும் பிடுங்கிப் போட்டிருக்கலாம்.

பின் சீட் பெல்ட். 2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி இறந்தது ஒரு விலையுயர்ந்த பென்ஸ்ல. பின் சீட்ல பெல்ட் போடாம இருந்தார். வயசானவங்களுக்கு எலும்பு வலு குறைவு, நாம தாங்குற அடியை அவங்க தாங்க மாட்டாங்க. பெல்ட்டோட கீழ்ப் பட்டை வயித்து மேல இல்லாம, இடுப்பெலும்பு மேல படியணும். வண்டி பார்க்கும்போது பின் சீட் பெல்ட் ஒவ்வொண்ணையும் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. பல வண்டிகள்ல அது சீட்டுக்கு அடியில போய் புதைஞ்சு கிடக்கும். இழுக்கும்போது இன்னொரு தகவலும் கிடைக்கும். உள்ள சுருண்டிருந்த பகுதியில சேறு, நீர்க்கோடு தெரிஞ்சா அது வெள்ளத்துல நின்ன வண்டி. 2015, 2023 சென்னை வெள்ளத்துல மூழ்கின வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போயிடலங்கறதை மறந்துடாதீங்க.

வண்டியைச் சோதிக்கிறது நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான். முதல்ல வரலாறு, அப்புறம் தொட்டுப் பார்க்கிறது, கடைசியா டெஸ்ட்.

வரலாறுக்கு எம்பரிவாகன் செயலியில வண்டி எண்ணைப் போடுங்க. எத்தனையாவது ஓனர், கடன் இருக்கா, இன்சூரன்ஸ் எப்போ முடியுதுனு தெரியும். அபராத சலான் பாக்கியையும் பார்த்துடுங்க. டிஎன் 61 வண்டினா, ஆலைகளுக்கோ கான்ட்ராக்டருக்கோ ஓடினதானு தனியா விசாரிங்க. டி போர்டுல ஓடிட்டு வெள்ளை போர்டுக்கு மாறின வண்டிகளும் உண்டு. சிமெண்ட் ஆலை ரோட்ல தினம் ஓடின வண்டியோட ஏர் ஃபில்டரைக் கழட்டினா வெள்ளை மாவு கொட்டும். டெல்லி வண்டி மலிவா வருதேனு ஆசைப்படுறவங்க, அங்க 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்குத் தடை வந்ததால விலை குறைஞ்சதுனு புரிஞ்சுக்கணும். என்ஓசி வாங்கி, இங்க புது நம்பர் போட்டு, ஆயுள் வரி கட்டினா மலிவு பாதி காணாம போயிடும்.

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"னு போன்லயே சொல்லிடுங்க. போனதும் பானெட் மேல கை வைங்க. சூடா இருந்தா எதையோ மறைக்கறாங்கனு அர்த்தம் எடுத்துக்கலாம். எனக்கு ஒரு இடத்துல அப்படித்தான் ஆச்சு, டீ குடிச்சுட்டு வந்துட்டேன். நீலப் புகைனா ஆயில் எரியுது. சூடான பிறகும் நிக்காம வெள்ளைப் புகை வந்தா கூலன்ட் உள்ள போகுதானு பார்க்கணும். மீட்டர் 60 ஆயிரம் காட்டும், பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருக்கும், எது பொய்னு சொல்லத் தேவையில்ல. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 3219னா 2019ல 32வது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் ஆறேழு வருஷ டயரை நம்பாதீங்க.

கடைசியா, உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தரைக் கூலி கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. விக்கிறவர் கூட்டிட்டு வர்ற மெக்கானிக் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னாடி செகண்ட் ஒப்பீனியன் கேட்கிறீங்கல்ல?

வாங்கின பிறகு ஒரு விஷயம். வண்டி சொகுசா இருந்தா நிறுத்தாமப் போகத் தோணும். பெரம்பலூர்ல இருந்து சென்னைக்கு நாலரை, அஞ்சு மணி நேரம். நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து பயணம் செஞ்சா, கால் நரம்புல ரத்தக்கட்டு வர்ற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு 2007ல உலக சுகாதார நிறுவன ஆய்வு சொல்லுச்சு. விமானம் மட்டுமில்ல, காரும் இதுல சேர்த்திதான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதடவை நிறுத்தி நடக்க விடுங்க. பாத்ரூம் போக வேண்டி வருமேனு தண்ணி குடிக்காம வர்ற பெரியவங்க நிறைய. அவங்க கேட்க மாட்டாங்க, நீங்களே நிறுத்துங்க.

இன்னொண்ணு, பெரிய வண்டி வாங்கினா அது ஆம்புலன்ஸ் ஆகிடாது. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கறது, மூச்சுத் திணறல்னா 108ஐக் கூப்பிடுங்க. உங்க கார்ல ஆக்சிஜன் கிடையாது, ஓட்டுறவரும் பதட்டத்துல இருப்பார்.

நான் எடுத்தது 2013 எர்டிகா டீசல், மேல் வேரியண்ட், 1,12,000 கிலோமீட்டர், 4,70,000 ரூபாய். மீதி 80,000ஐ வேணும்னே ஒதுக்கி வச்சிருந்தேன். பட்ஜெட் மொத்தத்தையும் வண்டி விலையிலயே கொட்டிட்டா, முதல் மாசமே தேய்ஞ்ச டயரோட ஹைவேஸ்ல ஓட வேண்டி வரும். நாலு டயர், பேட்டரி, பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், ஆயில், இன்சூரன்ஸ் எல்லாம் போக 20,000 சொச்சம் மிஞ்சுச்சு.

பேப்பர் வேலையை புரோக்கர் பார்த்துப்பார்னு விடாதீங்க. படிவம் 29, 30ல கையெழுத்து, கடன் இருந்த வண்டினா பேங்க் என்ஓசியும் படிவம் 35ம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். மாத்தாம விட்டு வண்டி மோதினா, உங்க வண்டி சேதத்துக்கு க்ளெய்ம் கிடைக்கிறது கஷ்டம்.

மிஞ்சின காசுல முதல்ல வாங்கினது, கதவு கொக்கியில மாட்டுற ஒரு சின்ன கைப்பிடி. சில நூறு ரூபாய்தான். சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறப்பாங்க. போன வெள்ளிக்கிழமை அம்மா அதைப் பிடிச்சு தானா இறங்கினாங்க. திரும்பி வரும்போது பெல்ட்டைக் காட்டி, "எதுக்குடா கன்னுக்குட்டி மாதிரி கட்டிப் போடற?"ன்னாங்க. நான் பதில் சொல்லாம மாட்டிவிட்டேன்.