'கப்பிள்' என்றால் எத்தனை?

"எ கப்பிள் ஆப் வீக்ஸில் வந்து சேருகிறேன்" என்று அமெரிக்காவிலிருந்து நம் புதல்வன் எழுதியிருந்தான். நாம் படித்த இங்கிலீஷில் கப்பிள் என்றால் இரண்டு. தம்பதிகளைக் குறிக்கும் பதமும் அதுவே யல்லவா? ஆகவே 14-ம் நாள் வடை பாயசத்துடன் சமையல் தயாராயிற்று. பையன் வந்ததோ 23-ம் நாள். இடையில் அவன் தாயார் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது!

"கப்பிள் என்றால் இரண்டு மூன்று என்றுதான் அர்த்தம், அப்பா" என்றான் சாவதானமாக.

அகராதியைப் புரட்டினோம். பிணைப்பு என்று பொருள்படும் லத்தீன் பதம், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்தில் வேட்டை நாய்களை இரண்டிரண்டாகப் பிணைக்கும் வாருக்கும் இதே பெயர். அந்த நாய்களை இன்றும் ஜோடிக் கணக்கில்தான் எண்ணுகிறார்கள். பதினேழரைக் கப்பிள் என்றால் 35 நாய்கள். நாய் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு! நாள், மைல் என்று வந்துவிட்டாலோ வார் தளர்ந்து, இரண்டு 'சில' ஆகிவிடுகிறது. அமெரிக்கர்கள் பேச்சில் அந்த 'ஆப்'பையும் பல சமயம் விழுங்கிவிடுகிறார்கள்.

இதை வைத்துப் பையனை மடக்கலாமென்று நிமிர்ந்தோம். "நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறீர்களே, அந்த நாலு பேர் யார் யாராம்?" என்று குறுக்கிட்டாள் நம் மனைவி. ஒன்பது நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறாள்!

ஊருக்குப் புறப்படும்போது, "மறுபடி எப்பொழுதடா வருவாய்?" என்று கேட்டாள்.

"எ கப்பிள் ஆப் இயர்ஸ், அம்மா" என்றான்.

அவள் நம்மைப் பார்த்தாள். "இரண்டு வருஷம்" என்றோம்.